படம் வேறு, அதன் கீழே உள்ள எழுத்து வேறு: இதைப் பிள்ளைகள் கையால் செய்து பார்க்கட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர், கடை வைத்திருப்பவர்கள், வட்ஸ்அப் குரூப் அட்மின்மார், ஐ.சி.டி. படிப்பிக்கிற ஆசிரியர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். இணையப் பக்கம் ஒன்றில் இருக்கிற படத்தை எப்படி மாற்றுவது என்று நமது பாடசாலைகளில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வகுப்பறையில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, பிள்ளை தன் கையால் செய்து பார்க்க வேண்டும்.

"ஊரில் இருக்கிற பிரச்சினை போதாதா? பிள்ளைகளுக்குப் பொய்ப் படம் செய்யவும் படிப்பிக்கப் போகிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். ஆசிரியர் அறையிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன், அந்த வித்தை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அது விளங்கினால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

நாம் போனிலோ கொம்பியூட்டரிலோ ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறோம். மேலே பேப்பரின் பெயர், நடுவில் ஒரு படம், அதற்குக் கீழே இரண்டு வரி எழுத்து. அச்சடித்த பத்திரிகை மாதிரி எல்லாம் ஒரே தாளில் ஒட்டி வந்ததாக நமக்குத் தெரிகிறது. உண்மையில் அப்படி இல்லை. அந்தப் பக்கத்துக்குள் படம் என்று எதுவும் கிடையாது. படம் எங்கே கிடக்கிறது என்ற முகவரி மட்டும்தான் எழுதியிருக்கும். ஓ.எல். பிள்ளைகள் எச்.டி.எம்.எல். படிக்கும்போது 'ஐ.எம்.ஜி.' என்று ஒரு டேக் எழுதி, அதற்குள் 'எஸ்.ஆர்.சி.' என்று போட்டுப் படத்தின் பெயரைக் கொடுப்பார்களே, அதுதான் அந்த முகவரி. பிரவுசர் அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து, காட்டிய இடத்தில் வைக்கிறது. கீழே உள்ள எழுத்து தனியாக, வேறொரு டேக்கில் இருக்கிறது. பந்தியில் ஒருவர் சோற்றையும் இன்னொருவர் கறியையும் கொண்டுவந்து ஒரே சஹனில் வைப்பது மாதிரி. சாப்பிடுகிறவருக்கு எல்லாம் ஒன்றாக வந்ததாகத் தெரியும். வைத்தவர்கள் இருவர்.

1993இல் மார்க் அண்ட்ரீசன் இந்தப் படம் போடும் டேக்கை முன்மொழிந்தார். 1995இல் நெட்ஸ்கேப் கம்பனியில் பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியைச் செய்தார். பக்கம் திறந்த பிறகும் அதற்குள் இருப்பதை மாற்றுவதற்கான மொழி அது. 1996இல் வந்த நெட்ஸ்கேப் 3இல் பக்கத்தில் உள்ள படங்களையும் அந்த மொழியால் தொட முடிந்தது. மவுஸைக் கொண்டுபோனால் பட்டன் நிறம் மாறுவதெல்லாம் அந்தக் காலத்தில் பெரிய அதிசயம். ஆகவே நாம் பேசுவது நேற்று வந்த ஏ.ஐ. அல்ல. 30 வருஷப் பழைய வித்தை.

வேலை மிகச் சுலபம். பக்கத்தில் உள்ள படங்கள் எல்லாவற்றையும் பிரவுசர் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு 'டொகியுமென்ட் டொட் இமேஜஸ்' என்று பெயர். எண்ணிக்கை 0இலிருந்து தொடங்கும். முதல் படம் 0, இரண்டாவது 1. கொம்பியூட்டரில் எப்12 கீயை அமத்தினால் கீழேயோ பக்கத்திலேயோ ஒரு பெட்டி திறக்கும். அதில் 'கொன்சோல்' என்ற இடத்தில் 0ஆம் படத்தின் எஸ்.ஆர்.சி.க்கு வேறொரு படத்தின் முகவரியைக் கொடுத்து என்டர் அடித்தால் போதும். ஒரே வரி. பழைய படம் போய்ப் புதிய படம் அந்த இடத்தில் வந்து நிற்கும். அளவு, சட்டம், ஓரம் எல்லாம் பெரும்பாலும் அப்படியே. கீழே உள்ள எழுத்தும் அப்படியே. எழுத்தை மாற்ற வேண்டுமானால் அதற்கு இன்னொரு வரி.

இப்போது மேலே பாருங்கள். முகவரிப் பட்டையில் அந்தச் செய்தித் தளத்தின் உண்மையான முகவரி இருக்கிறது. சில பிரவுசர்களில் பக்கத்தில் பூட்டு அடையாளமும் இருக்கிறது. பேப்பரின் பெயர், இலச்சினை, திகதி எல்லாம் உண்மை. பொய்யாக இருப்பது ஒன்றே ஒன்று: படம். அப்படியே ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் முடிந்தது கதை.

செய்தித் தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் அதை ஹெக் பண்ணவில்லை. மாறியது அந்த ஒரு கொம்பியூட்டரின் திரையில் மட்டும்தான். பக்கத்தை ரீலோட் பண்ணினால் பழைய படம் திரும்பி வந்துவிடும். ஆனால் ஸ்கிரீன்ஷொட் ரீலோட் ஆகாது. அது குரூப் குரூப்பாகப் போய்க்கொண்டே இருக்கும். எல்லோரும் மனதில் பதிய வைக்க வேண்டிய வித்தியாசம் இது. பக்கத்தைத் திரும்பவும் திறந்து கேட்கலாம், ஸ்கிரீன்ஷொட்டிடம் எதையும் கேட்க முடியாது.

படத்தையும் எழுத்தையும் பிரித்துச் சேர்ப்பதால் என்ன ஆகும் என்பதை இந்த நாட்டில் நாம் போதிய அளவு பார்த்துவிட்டோம். மூன்று சம்பவங்களை மட்டும் நினைவுபடுத்துகிறோம். மூன்றிலும் பிரவுசரில் யாரும் படத்தை மாற்றவில்லை. ஆனால் மூன்றுக்கும் அடிப்படை ஒன்று.

முதலாவது அம்பாறை, 2018 பெப்ரவரி 26 இரவு. முஸ்லிம் ஒருவரின் ஹோட்டலில் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்தார்கள் என்று ஒரு கூட்டம் பிரச்சினை கிளப்பியது. சிங்களம் சரியாக விளங்காத ஒருவரை வளைத்துப் பிடித்துக் கேள்வி கேட்டு, அவர் தலையாட்டியதை வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதித்துப் பார்த்தபோது அப்படி ஒரு மருந்தே அதில் இல்லை, மாப்பொருள்தான் என்று தெரிந்தது. வீடியோவில் இருந்த மனிதர் உண்மை, அவர் தலையாட்டியதும் உண்மை. அதன் கீழே எழுதப்பட்டது பொய். அடுத்த வாரம் திகன பற்றி எரிந்தது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை, 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் தடை.

இரண்டாவது 2019 ஏப்ரல். உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு மட்டக்களப்பு எப்படி இருந்தது என்று நாம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சீயோன் தேவாலயத்தில் இறந்த பிள்ளைகளுக்காக அழுதுகொண்டே, நம் ஊர்ப் பெயரைச் சொல்லவும் பயந்துகொண்டு திரிந்த நாட்கள் அவை. ஏப்ரல் 25ஆம் திகதி பொலிஸார் சந்தேகநபர்களின் பெயர்களையும் படங்களையும் வெளியிட்டார்கள். அதில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் இருந்தது வேறொரு பெண்ணின் படம். அமெரிக்காவில் பிறந்து, அங்கேயே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த, இலங்கை வம்சாவளி மாணவி அவர். ஒன்றும் அறியாத பிள்ளை. பொலிஸார் தவறு என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் அந்தப் படம் உலகம் சுற்றிவிட்டது. எழுத்து ஒருவருடையது, படம் இன்னொருவருடையது. எஸ்.ஆர்.சி. மாறினால் நடப்பதும் இதுதான்.

மூன்றாவது அதற்கு அடுத்த மாதம், 2019 மே 12, சிலாபம். பேஸ்புக்கில் இருவருக்கிடையில் நடந்த வாய்த்தர்க்கத்தில், கடைக்காரர் ஒருவர் அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழ வேண்டி வரும் என்ற கருத்து. முன்னே பின்னே நடந்த கதை போய், அந்த வரி மட்டும் மிரட்டலாக எடுக்கப்பட்டு ஸ்கிரீன்ஷொட்டாகச் சுற்றியது. கடைகள் உடைந்தன, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. மறுநாள் திரும்பவும் சமூக ஊடகத் தடை. இங்கே படமும் எழுத்தும் இரண்டுமே உண்மை. வெட்டிய இடம்தான் பொய்.

2018 வன்முறையில் தங்கள் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் கம்பனி 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் எடுத்தது. வதந்திக்கு ஒரு இரவு போதும். ஆகவே கம்பனி பார்த்துக்கொள்ளும், அரசாங்கம் தடை போட்டுப் பார்த்துக்கொள்ளும் என்று நாம் இருக்க முடியாது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறதே என்று சொல்லலாம். அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்ற விவாதம் ஒருபக்கம் கிடக்கட்டும். எந்தச் சட்டமும் எரிந்த பிறகுதான் வழக்குப் போடும். எரிவதற்கு முன் நிற்கிறது யார்? போனைக் கையில் வைத்திருக்கிற பிள்ளையும் அந்தப் பிள்ளையின் உம்மாவும் வாப்பாவும்தான்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். பொய் செய்யப் படிப்பிப்பதா?

மீன் வாங்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள். கண்ணைப் பார்க்கிறார்கள். விரலால் அமத்திப் பார்க்கிறார்கள். பழைய மீனை ஐஸ் போட்டு எப்படிப் புதிது மாதிரிக் காட்டுவார்கள் என்று தெரிந்ததால்தான் அப்படிப் பார்க்கிறார்கள். அந்த வித்தையைத் தெரிந்துகொண்டதால் எந்த உம்மாவும் மீன் வியாபாரத்தில் ஏமாற்றப் போகவில்லை. ஏமாறாமல் வீட்டுக்கு வந்தார்கள். வாவிக்கரையில் வாழ்கிற நமக்கு மீனில் உள்ள இந்த விழிப்பு படத்தில் இல்லை. படத்துக்குச் செவுள் எங்கே இருக்கிறது என்று யாரும் நமக்குக் காட்டவில்லை.

ஏமாற்ற நினைக்கிறவனுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. யூடியூப்பில் ஐந்து நிமிஷம் போதும். தெரியாமல் இருப்பது ஏமாறுகிறவர்களுக்குத்தான். நாம் படிப்பிக்காமல் விடுவதால் திருடர்களின் தொகை குறையாது, ஏமாறுகிறவர்களின் தொகைதான் கூடும்.

நாங்கள் இதைக் கடந்த தவணையில் ஒரு வகுப்பில் செய்து பார்த்தோம். ஒரே ஒரு கொம்பியூட்டர், ஒரு புரொஜெக்டர். இன்டர்நெட் கூட இல்லை. நோட்பேடில் ஒரு சின்னப் பக்கம் எழுதினோம். கல்லடிப் பாலத்தின் படம், கீழே 'கல்லடிப் பாலம், மட்டக்களப்பு' என்று ஒரு வரி. ஒரு மாணவன் வந்து அந்த ஒரு வரிக் கட்டளையை அடித்தான். பாலம் இருந்த இடத்தில் ஒரு தயிர்ச் சட்டி வந்தது. கீழே 'கல்லடிப் பாலம்' என்ற எழுத்து அப்படியே. வகுப்பே சிரித்தது.

பிறகு எழுத்தை மாற்றினார்கள். 'நாளை எல்லாப் பாடசாலைகளுக்கும் விடுமுறை' என்று ஒருத்தி போட்டாள். இன்னும் பெரிய சிரிப்பு. அதற்குப் பிறகு பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்டாள், "சேர், இதில ஆரும் எங்கட முகத்த வெச்சா?" சிரிப்பு நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பிள்ளை கேட்டது, "அப்ப இனிமே ஒண்டையும் நம்பக்கூடாதா சேர்?"

இந்த இரண்டாவது கேள்வியைக் கவனமாகக் கையாள வேண்டும். எதையும் நம்பாதே என்று சொல்லிவிட்டால் அது இன்னொரு ஆபத்து. எதையும் நம்பாத பிள்ளை, உண்மையான புயல் எச்சரிக்கையையும் நம்பாது. நிஜமாகவே நடந்த அநியாயத்தின் ஆதாரத்தைக் காட்டினாலும் 'இதுவும் எடிட் பண்ணினதுதானே' என்று சொல்லிப் போய்விடும். குற்றம் செய்தவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆகவே நாங்கள் சொன்ன பதில், நம்பாதே என்பதல்ல, ஊற்றுக்குப் போ என்பது. வாய்க்காலில் தண்ணீர் கலங்கியிருந்தால் குளத்தைப் போய்ப் பார்க்கிறோம் அல்லவா, அது மாதிரி. ஸ்கிரீன்ஷொட் வாய்க்கால், பக்கம்தான் குளம். லிங்க்கைத் திற, ரீலோட் பண்ணு, அங்கே இருக்கிறதா பார்.

அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நம் ஜும்ஆக்களில் அடிக்கடி கேட்பது. செய்தி வந்தால் விசாரித்து உறுதிப்படுத்தச் சொல்லும் வசனம். அதைப் பல தடவை கேட்டிருக்கிறோம். ஆனால் வட்ஸ்அப்பில் வந்த படத்தை எப்படி விசாரிப்பது என்று நம் பிள்ளைகளுக்கு யாராவது செய்து காட்டியிருக்கிறோமா? வசனம் கடமையைச் சொல்கிறது. வழிமுறையைச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர்களாகிய எங்கள் வேலை.

இதைக் கலவரத்தோடு மட்டும் முடிச்சுப் போட வேண்டாம். அன்றாட வாழ்க்கையிலும் இது வந்துவிட்டது.

கடைக்காரர்களுக்கு: சாமான் எடுத்துவிட்டு, "காக்கா, காசு போட்டாச்சு, ஸ்லிப் அனுப்பியிருக்கு" என்று ஒரு படம் வரும். பேங்க்கின் பக்கமாக இருந்தாலும் மேலே சொன்ன அதே ஒரு வரி அங்கேயும் வேலை செய்யும். 2,500 ரூபாயை 25,000 ஆக்க ஒரு பூச்சியம் போதும். ஸ்லிப் படத்தைப் பார்த்துச் சாமானைக் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கில் காசு வந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.

பெற்றோருக்கு: பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு ஸ்கிரீன்ஷொட்டாக வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் சுட்டெண்ணைப் போட்டுப் பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் நீங்களே ஒருமுறை பாருங்கள். எஸ்ஸை ஏ ஆக்குவதும் அதே வித்தைதான். பிள்ளையைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஊற்றைப் பார்க்கும் பழக்கம் வீட்டிலிருந்தே தொடங்கட்டும் என்கிறோம்.

ஸதகா கொடுக்கிறவர்களுக்கு: நோயாளிப் பிள்ளையின் படம், கீழே ஒரு கணக்கிலக்கம். நம் ஊர்களில் இப்படி ஒரு படம் வந்தால் கை தானாகவே பொக்கட்டுக்குப் போகும். அது நல்ல குணம், அது போய்விடக் கூடாது. ஆனால் வேறு நாட்டுப் பிள்ளையின் பழைய படத்துக்குக் கீழே புதிய பெயரும் புதிய கணக்கிலக்கமும் போடுவது எவ்வளவு சுலபம் என்று இப்போது தெரிகிறது அல்லவா? கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைக் கொடுத்தால் அது முன்பு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று பெரும்பாலும் காட்டும். ஒரு நிமிஷ வேலை. உண்மையான நோயாளிக்குப் போக வேண்டிய காசைக் காப்பாற்றுகிற ஒரு நிமிஷம்.

வீட்டுக் கொம்பியூட்டர் வைத்திருப்பவர்களுக்கு: பிரவுசரில் இலவசமாகக் கிடைக்கிறது என்று எக்ஸ்டென்ஷன்களைப் போட்டு வைத்திருப்பீர்கள். போடும்போது அவற்றில் பல, எல்லாத் தளங்களிலும் உள்ள தரவை வாசிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். நாம் வாசிக்காமல் 'சரி' கொடுத்துவிடுவோம். அந்த அனுமதியின் கருத்து என்ன தெரியுமா? மேலே சொன்ன ஒரு வரியை நாம் அடிக்கத் தேவையில்லை, அது நமக்குத் தெரியாமல் தானாகவே அடித்துக்கொள்ள முடியும். தேவையில்லாததை இன்றே அகற்றுங்கள்.

இன்னொரு எதிர்க்கேள்வியும் வரும். "இப்போது ஏ.ஐ. இல்லாத மனிதரையே உருவாக்குகிறது. நீங்கள் 1996 வித்தையைப் படிப்பிக்கிறீர்களே?"

ஏ.ஐ. படம் வரவர நேர்த்தியாகிறது. கைவிரலை எண்ணிப் பார், நிழலைப் பார் என்று சொன்ன காலம் போய்க்கொண்டிருக்கிறது. படத்தை உற்றுப் பார்த்து உண்மை கண்டுபிடிக்கிற பழக்கம் இனி உதவாது. எங்கே இருந்து வந்தது, யார் முதலில் போட்டார், அந்த இடத்தில் இப்போதும் இருக்கிறதா என்று கேட்கிற பழக்கம் எந்தக் காலத்திலும் உதவும். அந்தப் பழக்கத்தை மனதில் பதிய வைக்க, பிள்ளை தன் கையால் பாலத்தைத் தயிர்ச் சட்டியாக்கிப் பார்ப்பதைவிடச் சுலபமான பாடம் எங்களுக்குத் தெரியாது. நூறு தடவை புத்தி சொல்வதைவிட ஒரு தடவை செய்து பார்ப்பது பதியும் என்று கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். வகுப்பறையில் அதைக் கண்ணால் கண்டோம்.

அதோடு, இந்த வித்தையில் நல்லதும் இருக்கிறது. இதே ஜாவாஸ்கிரிப்டால் சின்ன எழுத்துள்ள படத்தைப் பெரிதாக்கலாம். டேட்டா குறைவாக இருக்கும்போது, கீழே இறங்கிப் பார்க்கிற வரைக்கும் படத்தைக் கொண்டுவராமல் நிறுத்தி வைக்கலாம். பார்வை குறைந்த பிள்ளைகளின் கொம்பியூட்டர் படத்தை வாசிக்காது, ஆனால் படத்தோடு சேர்த்து எழுதும் 'ஓல்ட்' என்ற விளக்கத்தை வாசித்துக் காட்டும். நமது பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் பேஸ்புக்கிலும் இணையத்திலும் போடுகிற படங்களில் எத்தனைக்குத் தமிழில் அந்த விளக்கம் இருக்கிறது? ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம் உட்கார்ந்தால் தங்கள் பாடசாலைப் பக்கம் முழுவதற்கும் எழுதிவிடுவார்கள். கையில் கொடுத்த கத்தியால் மரக்கறி வெட்டவும் காட்டிக்கொடுப்போம்.

ஐ.சி.டி. ஆசிரியர்களுக்கு எங்கள் யோசனை. ஒரு பாடவேளைக்குள் முடியும். லெப் இல்லாவிட்டால் ஒரு மடிக்கணினி போதும். இரண்டு படத்தையும் ஒரு எச்.டி.எம்.எல். பைலையும் ஒரே போல்டரில் வையுங்கள். முதலில் படத்தை மாற்றச் சொல்லுங்கள், பிறகு எழுத்தை. பிறகு ரீலோட் பண்ண வைத்துப் பழையது திரும்பி வருவதைக் காட்டுங்கள். இந்த மூன்றாவது படியை மட்டும் விட்டுவிடாதீர்கள், பாடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. கடைசிப் பத்து நிமிஷத்தில் ஒரு ஸ்கிரீன்ஷொட்டைக் கொடுத்து, இதை எப்படி விசாரிப்பாய் என்று கேளுங்கள்.

சில கட்டுப்பாடுகளும் வேண்டும். வகுப்பில் தாங்களே எழுதிய பக்கத்தில் மட்டும்தான் செய்ய வேண்டும். உண்மையான ஆட்களின் முகமோ பெயரோ கூடாது, பகிடிக்கும் கூடாது. பேஸ்புக், பேங்க் மாதிரி லொகின் பண்ணிய பக்கங்களில் கொன்சோலைத் திறந்து யாரோ அனுப்பிய வரிகளை ஒட்டவே கூடாது. அப்படி ஒட்ட வைத்துக் கணக்கைத் திருடுவது ஒரு பழைய தந்திரம். அதனால்தான் பேஸ்புக்கில் கொன்சோலைத் திறந்தால் பெரிய எழுத்தில் எச்சரிக்கை வரும். பிள்ளைகளுக்கு அதையும் காட்டுங்கள்.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பாடசாலைகளோடு மட்டும் இதை நிறுத்தவும் வேண்டாம். ஆரையம்பதிப் பிள்ளையும் காத்தான்குடிப் பிள்ளையும் ஒரே வீதியால் பாடசாலைக்குப் போகிறவர்கள். ஒரு பொய்ப் படம் ஊர் எல்லையில் நிற்காது. அது வந்து சேரும் வீடுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்கள் சேர்ந்தால் இந்தப் பாடத்தை ஒரு சனிக்கிழமையில் ஒன்றாகவே செய்யலாம். நாங்கள் அந்தப் பைலையும் பாடக் குறிப்பையும் தரத் தயார்.

குரூப் அட்மின்மாருக்கு ஒரேயொரு வேண்டுகோள். உங்கள் குரூப்பில் ஒரு விதி போடுங்கள்: செய்தி என்று ஸ்கிரீன்ஷொட் போட்டால் லிங்க்கும் போட வேண்டும். லிங்க் இல்லாவிட்டால் அட்மின் எடுத்துவிடுவார். "அவங்க டிலீட் பண்ணிட்டாங்க, அதான் லிங்க் இல்ல" என்று சிலர் சொல்வார்கள். சில வேளை உண்மையாகவும் இருக்கலாம். அழிக்கப்பட்ட பல பக்கங்களின் பிரதி இன்டர்நெட் ஆர்கைவின் 'வேபெக் மெஷின்' என்ற தளத்தில் கிடைக்கும். அங்கே தேடிப் பார்த்துவிட்டுப் போடட்டும். அங்கேயும் இல்லாவிட்டால், உறுதியாகத் தெரியாத ஒன்றைப் பரப்பாமல் இருப்பதால் யாருக்கும் நட்டம் வரப்போவதில்லை.

தனக்கு வந்த படத்தை அனுப்ப முன் ஒரு கேள்வி கேட்கிற பழக்கம் ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் போதும். அந்த வீட்டில் மற்றவர்களும் பழகுவார்கள். நமது வீடுகளில் அந்த ஒருவர் பெரும்பாலும் தரம் 10, 11 படிக்கிற பிள்ளைதான். உம்மாவின் போனில் செட்டிங்ஸ் மாற்றிக் கொடுப்பதும் அந்தப் பிள்ளை, வாப்பாவுக்கு வட்ஸ்அப் பழக்கிக் கொடுத்ததும் அந்தப் பிள்ளை. அதன் கையில் இந்த ஒரு பாடத்தையும் கொடுத்துவிடுவோம்.

இந்த வாரம் உங்கள் பிள்ளையின் ஐ.சி.டி. ஆசிரியரைக் கண்டால், இந்தப் பாடம் நடந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெற்றோர் கேட்டால் பாடசாலையில் நடக்கும். எங்களுக்குத் தெரியும்.